மான் தின்ற மதில்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: தலைமை ஆசிரியையான சிஸ்டர், பக்கத்து வகுப்பு டீச்சர், பெற்றோர் சங்கத் தலைவர், நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார், என் வகுப்புப் பிள்ளைகள், நான். வராதவர்கள் இருவர். வருகிறேன் என்று சொல்லியிருந்த பங்குத்தந்தை. லொறியில் மூட்டை ஏற்றப் போய்விட்ட என் அப்பா. வராமல் போனது இன்னொன்றும் உண்டு. எரிகோ மதில். அதைப் பார்க்கத்தான் அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தோம். முதல்நாள் இரவே மான்கள் அதைத் தின்றுவிட்டன.

எங்கள் நகரத்து மான்களுக்குக் காடு தேவையில்லை. பஸ் நிலையத்தில் நிற்கும், மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் நிற்கும், முச்சக்கர வண்டி ஹோர்ன் அடித்தாலும் விலகாது. கடதாசி தின்னும், வாழைப்பழத் தோல் தின்னும். ஆனால் ஒரு வகுப்பின் மூன்று மாதத் தவணை வேலை முழுவதையும் தின்னும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதற்கு அவற்றைக் குற்றம் சொல்லவும் மாட்டேன். குற்றம் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

துறைமுகப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கிறிஸ்தவ ஆரம்பப் பாடசாலை அது. பிள்ளைகளில் பாதி வேதம், அதாவது கிறிஸ்தவம், பாதி சைவம். நான் தற்காலிக ஆசிரியன். சம்பளம் தருவது பெற்றோர் சங்கம். அதனால் ஒவ்வொரு தகப்பனும் என்னைத் தன் கடைப் பொடியனைப் பார்ப்பது போலவே பார்த்தார். சங்கத் தலைவருக்கு உண்மையிலேயே கடை இருந்தது. தகரம், சீமெந்து, ஆணி விற்கும் பெரிய ஹாட்வெயார். ஊரே அவரை முதலாளி என்றுதான் கூப்பிடும். சந்தோசமாக இருந்தால் என்னை ‘சேர்’ என்பார். கோபம் வந்தால் ‘தம்பி’.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாய்ப்பாட்டை நான் பாடமாக்கிய விதத்தை இங்கே சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் முழங்காலில் நின்று சொல்ல வேண்டும், பிழைத்தால் அடி. வீட்டில் அப்பாவுக்கு முன்னால் நின்று சொல்வேன். அப்பா துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை ஏற்றிவிட்டு, இமையெல்லாம் வெள்ளையாக வந்து உட்கார்ந்திருப்பார். ஏழேழு நாற்பத்தொன்பது என்றாலும் தலையாட்டுவார், ஐம்பத்தொன்பது என்றாலும் தலையாட்டுவார். எனக்குப் பிழை சொல்ல வீட்டில் ஆளில்லை. பிழை சொன்ன இடத்திலோ பிரம்பு இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே நினைத்தேன். பிழையை எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லி, சிரித்து, திரும்பத் தொடங்குகிற ஒரு வழி.

ஆசிரியனானதும் அதைத்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டு பாடங்களையும் செயற்பாட்டுக்கு விடுங்கள் என்று. சங்கக் கூட்டத்தில் எழும்பிய சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

“விளையாட்டோ? வீட்டில கிடந்து விளையாட இடமில்லாமலோ பிள்ளையளை இஞ்ச அனுப்புறம்?”

“அடுத்த வருசம் புலமைப்பரிசில் சோதினை. இவர் பெட்டி ஒட்டப் போறாராம்.”

பக்கத்து வகுப்பு டீச்சர் எழும்பினார். அவர் வகுப்பில் இன்றைக்கும் முழங்கால்தான். “வாய்ப்பாடு எண்டால் தலையில ஏறோணும். ஒட்டினால் ஏறாது” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

சிஸ்டர் மட்டும் கையை உயர்த்தினார். “ஒரு தவணை பாப்பம். தவணை முடிவில நீங்கள் எல்லாரும் வந்து பாருங்கோ. சரியில்லை எண்டால் அந்த ரெண்டு பாடமும் டீச்சரிட்டப் போகும். சேரும் அவவைப் போலத்தான் படிப்பிக்கோணும்.”

“சிஸ்டர் சொன்னால் சரி” என்றார் முதலாளி. “ஆனா பசை, பெயின்ட் எண்டு சங்கத்திட்ட வந்து நிக்கக் கூடாது. எவ்வளவு கேக்கிறீர் தம்பி?”

“ஆயிரத்து எண்ணூறு.”

“ஒரு சதமும் தர ஏலாது.”

பிள்ளைகள் மத்தியானம் சாப்பிடக் கொட்டகை போடவென்று அதே கூட்டத்தில் அவர் இருபது தகரம் இலவசமாகத் தருவதாக அறிவித்தார். அதற்கும் கைதட்டல். அடுத்த கிழமையே தகரங்கள் வந்து மதில் ஓரம் சாத்தப்பட்டன. விடுமுறையில் கொட்டகை போடுவதாகப் பேச்சு. அதுவரை பிள்ளைகள் வெயிலில் சாப்பிட்டார்கள், தகரங்கள் பொலித்தீனுக்குக் கீழே நிழலில் இருந்தன.

பசைக்குக் காசில்லை என்றதும் அப்பாவிடம் கேட்டேன்.

“அப்பா, நிலத்தில கொட்டுப்படுற மா கொஞ்சம் கிடைக்குமோ?”

“என்னத்துக்கு?”

“பசை காய்ச்ச.”

அவர் சாப்பாட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை. “பசை காய்ச்சவோ உன்னைப் படிப்பிச்சனான்? அதுக்கு நானே போதுமே. மா மூட்டைக்குப் பக்கத்திலயே உன்னையும் நிப்பாட்டியிருக்கலாம்.”

மறுநாள் ஒரு ஷொப்பிங் பை நிறைய மா கொண்டுவந்து குசினி வாசலில் தொப்பென்று வைத்துவிட்டுப் போனார். லொறிக்குக் கீழே கூட்டி அள்ளிய மா. மண் இருந்தது, அரித்தெடுத்தேன்.

பைபிளில் வரும் எரிகோ கதை பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். வேதப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வியில் தெரியும், சைவப் பிள்ளைகளுக்குக் காலைச் செபத்தில் கேட்டுத் தெரியும். ஏழாம் நாள் நகரத்தை ஏழு தரம் சுற்றி, கொம்பு ஊதி, சத்தம் போட மதில் விழுந்தது. ஏழு, ஏழு என்று வருகிற கதையை விட்டுவிட்டு ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முழங்காலில் நிற்பது எதற்கு?

கடைகளில் எறிகிற பிஸ்கட் பெட்டி, சவர்க்காரப் பெட்டி எல்லாம் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். பழைய பத்திரிகையைக் கிழித்து, மாப்பசையில் தோய்த்து, பெட்டியைச் சுற்றித் தடிப்பாக ஒட்டினோம். காய்ந்ததும் கல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு கேள்வி. ஏழு தர மூன்று, ஏழு தர ஒன்பது. பிள்ளைகள் வரிசையாகச் சுற்றி வருவார்கள். சரியான விடை சொன்னால் அந்தக் கல்லைத் தள்ளி விழுத்தலாம். பிழை சொன்னால் விழுந்த கல்லெல்லாம் திரும்ப ஏறும். முழு வகுப்பும் ‘மதில் விழேல்லை’ என்று கத்திக்கொண்டு முதலாம் சுற்றில் இருந்து தொடங்கும். பிழைத்த பிள்ளையும் சேர்ந்துதான் கத்தும். அழுதவர் ஒருவரும் இல்லை. கொம்புக்குப் பப்பாசி இலைத் தண்டு. அதை வெட்டி நுனியில் கீறி ஊதினால் மாடு கத்துவது போல ஒரு சத்தம் வரும்.

டீச்சர் இடைச்சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “சேர், இது வகுப்போ மாட்டுப் பட்டியோ?”

“வாய்ப்பாடு டீச்சர்.”

“காதில விழுறது மாடு மட்டும்தான்.”

இன்னொரு நாள் பசைச் சட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “துத்தம் கொஞ்சம் போடுங்கோ. இல்லாட்டில் கண்டதெல்லாம் வந்து தின்னும்.” துத்தம் நஞ்சு. என் பிள்ளைகள் ஒட்டுகிற விரலை வாயில் வைக்கிற பிள்ளைகள். போடவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் போடமாட்டேன்.

பிறகு ஒரு புதுச் சண்டை. பிள்ளைகளுக்கு நான் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மதிலை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றினார்கள். கோயில் சுற்றிப் பழகிய கால். வேதப் பிள்ளைகளும் பின்னால் அப்படியே போனார்கள். அது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு தகப்பன் வந்து, பைபிளைக் கோயிலாக்குகிறேன் என்றார். அடுத்த நாளே லிங்கநகரில் இருந்து ஒரு தாய் வந்து, தன் மகனை வேதத்துக்கு இழுக்கிறேன் என்றார். இரண்டு பேரும் கேற்றடியில் சந்தித்து, என்னைப் பற்றி வெகுநேரம் ஒற்றுமையாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வந்தது. தலைகீழாகக் கேட்டாலும் வந்தது. முதலாளியின் மகள்தான் எல்லாரிலும் கெட்டிக்காரி. அவளுடைய பப்பாசிக் குழல்தான் எல்லாவற்றிலும் பெரிய சத்தம் போட்டது.

பெற்றோர் வருவதற்கு முதல்நாள் பாடசாலை விட்டபின் மதிலை மண்டபத்தில் அடுக்கினோம். வகுப்பறையில் இடம் போதாது. மண்டபம் என்றால் கூரையும் அரைச்சுவரும்தான், கதவில்லை. பிள்ளைகளின் நெஞ்சளவு உயரத்துக்கு மதில் எழும்பி நின்றது. சுண்ணாம்பும் செங்கட்டித் தூளும் பூசி, சாய்ந்த வெயிலில் உண்மையான கோட்டை போலவே இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றார்கள்.

காலையில் போனால் நிலமெல்லாம் மான் புழுக்கை. கற்கள் கிழிந்து, நக்கப்பட்டு, மிதிபட்டுக் கிடந்தன. பசை பட்ட இடமெல்லாம் தின்றிருந்தன. கேள்வி எழுதிய முன்பக்க அட்டைகள் சில மட்டும் மிஞ்சின, எழுதிய மை பிடிக்கவில்லை போலும். பிள்ளைகளை இறக்கிவிட வந்த முச்சக்கர வண்டிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: “சேர், ஒரு கொம்பன் மான் கொம்பில பெட்டி மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகுது. பெட்டியில ஏழு தர ஆறு எண்டு கிடக்கு. உங்கட பிள்ளையோ?”

பெற்றோர் வந்தார்கள். சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். முதலாளி மண்டபத்தின் நடுவில் நின்று, காலால் ஒரு அட்டையைப் புரட்டினார்.

“அப்ப ஒரு தவணையா மானுக்குச் சாப்பாடு சமைச்சிருக்கிறியள், சேர்.”

சிரிப்பு. டீச்சர் கதிரையில் இருந்தபடி, “நான் துத்தம் போடச் சொன்னனான்” என்றார்.

“பசை வாங்கக் காசு தந்திருந்தால் மான் தொட்டிருக்காது” என்றேன்.

“பாத்தியளோ? பிழை எங்கட!” முதலாளி தாய் தகப்பன்மாரின் பக்கம் திரும்பினார். “வந்ததுக்கு ஒண்டையும் காணேல்லை. சிஸ்டர், முடிவைச் சொன்னால் நாங்கள் கடையைத் திறப்பம்.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அந்த இரண்டு பாடங்களும் என் கையை விட்டுப் போவதை நான் அவர் முகத்தில் கண்டேன். அப்போதுதான் முதலாளியின் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“சேர், இவையை மதிலாக்குவம்.”

“ஆரை?”

“அம்மாமாரை, அப்பாமாரை. சும்மாதானே நிக்கினம்.”

நான் யோசிக்கவில்லை. சிஸ்டரும் தலையாட்டிவிட்டார். மிஞ்சிய அட்டைகளைப் பிள்ளைகள் ஓடி ஓடிக் கொடுத்தார்கள். யார் கையில் எந்த அட்டை போனது என்று நான் பார்க்கவில்லை. பார்த்துத்தான் கொடுத்தேன் என்று பிறகு சொன்னார்கள். பொய்.

பெரியவர்கள் வட்டமாக நின்றார்கள், சிலர் கையைக் கட்டிக்கொண்டு, சிலர் போனைப் பார்த்துக்கொண்டு. இத்தனை நாளும் எனக்கு எதிரே அப்படித்தானே நின்றார்கள். கொம்பு ஊதியது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்களை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றத் தொடங்கினார்கள். பெட்டிக்கு வாயில்லை, அம்மாவுக்கு வாய் இருக்கிறது என்று பிள்ளைகளே அந்த இடத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். மதிலே விடை சொல்ல வேண்டும். சரியென்றால் கல் விழுந்த மாதிரி நிலத்தில் உட்கார்ந்து இருக்கலாம்.

முதலில் மீன் விற்கிற ஒரு தாய். “ஏழிரண்டு பதினாலு” என்றார், சேலையை ஒதுக்கிக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தார். பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். பிறகு ஒரு தகப்பன், பிறகு இரண்டு தாய்மார். இருந்தவர்கள் சிரித்தார்கள். நிற்பவர்கள் வாய்க்குள் கணக்குப் பார்த்தார்கள். என்னைப் பற்றிக் கேற்றடியில் கதைத்த அந்தத் தகப்பனும் லிங்கநகர்த் தாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொண்டார்கள். ஏழாம் சுற்று வந்தபோது நின்றது முதலாளி மட்டும்தான். போனில் யாருடனோ சீமெந்து விலை கதைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா!” மகள் அட்டையைச் சுட்டினாள். “ஏழெட்டு?”

அவர் போனைக் காதில் இருந்து எடுக்காமலே சொன்னார். “அம்பத்திநாலு.”

விதி என்னவோ அதைப் பிள்ளைகள் செய்தார்கள். மண்டபம் அதிரக் கத்தினார்கள்.

“மதில் விழேல்லை! மதில் விழேல்லை!”

எல்லாப் பப்பாசிக் குழலும் ஒன்றாக ஊதின. அவருடைய மகளும் கத்தினாள், மற்றவர்களைவிடப் பலமாக. உட்கார்ந்திருந்த தாய் தகப்பன்மார் எல்லாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து, விதிப்படி திரும்ப எழும்பி நின்றார்கள். அவர் போனை நிறுத்தினார். என்ன நடந்தது என்று அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. மீன் விற்கிற தாய்தான் விளங்கப்படுத்தினார்.

“முதலாளி, இனி உங்கட கடையில மிச்சக் காசை எண்ணிப் பாத்துத்தான் வாங்கோணும்.”

அந்தச் சிரிப்பு அரைச்சுவரைத் தாண்டி வீதிக்கே கேட்டிருக்கும். டீச்சர்கூட கைலேஞ்சியால் வாயை மூடினார்.

“தம்பி” என்றார் முதலாளி. “என்ர பிள்ளையை வச்சே என்னைப் பகிடி பண்ணிப்போட்டீர்.”

“நான் ஒண்டும் பண்ணேல்லை. பிழை எண்டால் திரும்பத் தொடங்கிறது. அதுதான் விளையாட்டின்ர விதி.”

“விதியோ? ஆரிட்ட விதி கதைக்கிறீர்? உமக்குச் சம்பளம் ஆர் தாறது?”

“சங்கம்.”

“சங்கம் ஆர்?”

மகள் அவர் கையைப் பிடித்து மெல்ல, “அம்பத்தாறு அப்பா, சொல்லிப்போட்டு இருங்கோ, முடிஞ்சிடும்” என்றாள். அவர் கையை உதறினார். ஆனால் அந்தச் சொல் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

“சேர்” என்றார் சிஸ்டர், மிக மெதுவாக. “மன்னிப்புக் கேளுங்கோ.”

“என்னத்துக்கு சிஸ்டர்? ஏழெட்டு அம்பத்தாறுக்கோ?”

முதலாளி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அவள் கையில் குழல் இருந்தது. படியில் வைத்து அதைப் பிடுங்கி எறிந்தார்.

அவர் மீது எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று பிறகு ஒரு சிநேகிதன் சொன்னான். அவருக்கும் சின்ன வயதில் பிழை சொல்ல ஆளில்லாமல் இருந்திருக்கும் என்றான். இருக்கலாம். எனக்கு வரவில்லை. பிழை சொல்ல ஆள் வந்தபோது, அதுவும் சொந்த மகளே வந்தபோது, கையை உதறியவர் அவர்தானே.

சனிக்கிழமை காலை அவருடைய லொறி வந்து தகரங்களை ஏற்றிக்கொண்டு போனது. திங்கட்கிழமை மகள் பக்கத்து வகுப்புக்கு மாற்றப்பட்டாள். அந்தக் கிழமையே சங்கம் கூடியது. மண்டபத்தில் விழுந்து விழுந்து சிரித்தவர்கள் அங்கே வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பாடங்கள் இரண்டும் டீச்சருக்குப் போயின. என்னை நிறுத்தச் சிஸ்டர் சம்மதிக்கவில்லை. ஆனால் இனி என் வகுப்பிலும் குழல் ஊதக் கூடாது, சுற்றக் கூடாது, ஒட்டக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். சம்பளம் வேண்டியிருந்தது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

“எவ்வளவு எண்டு சொன்னவர்?”

“அம்பத்திநாலு.”

“சரியான விடை?”

“அம்பத்தாறு.”

அப்பா தலையாட்டினார். வழக்கமான தலையாட்டல். பிறகு, “பொல்லாத மனுசன், ரெண்டாலதானே பிழைச்சவர்” என்றார்.

இப்போது என் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடமும் டீச்சருக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார்கள். ஏழாம் வாய்ப்பாடு ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகள். எட்டாம் வாய்ப்பாட்டுக்கு அடி விழுவது இடைச்சுவர் தாண்டி எனக்குக் கேட்கிறது. முதலாளியின் மகள் என் வகுப்பு வாசலால் போகும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு போகிறாள்.

கொட்டகை மட்டும் எழும்பியது. மழைக்கு முன் போட்டே ஆக வேண்டும் என்று சங்கம் வீட்டுக்கு வீடு காசு சேர்த்தது. நகரத்தில் தகரம் விலை குறைத்துத் தருகிற ஹாட்வெயார் முதலாளியுடையது ஒன்றுதான், ஆகவே தகரம் அங்கேயே வாங்கப்பட்டது. லொறியும் அதே லொறி. இறக்கும்போது பார்த்தேன். முன்பு மதில் ஓரம் சாத்தியிருந்தபோது என் பிள்ளைகள் பந்தெறிந்து நெளித்த தகரம் மேலேயே கிடந்தது.

பசைக்கு நான் கேட்டது ஆயிரத்து எண்ணூறு. இலவசமாக வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்த அந்த இருபது தகரத்துக்கும், ஆணிக்கும், ஏற்றி இறக்கிய கூலிக்கும் அவர்கள் கட்டியது எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.